கங்கா தலாவுக்கு வெறுங்காலுடன் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வெறுங்காலுடன் காவடி எடுப்பேன். இந்த மகா சிவராத்திரிக்கு, இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து கங்கா தலா புனித ஏரிக்கும் அப்படியே நடக்கலாமா?

பதில்: வேண்டாம். காவடியில் நடந்து பழகிய கால்தானே என்ற நம்பிக்கைதான் எனக்குக் கவலையளிக்கிறது. காவடி ஊர்வலம் சில கிலோமீட்டரில் முடிந்துவிடும். ரோஸ் ஹில்லிலிருந்து வாக்குவா நகர் வழியாக, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்திலுள்ள ஏரிக்குச் செல்வதோ சுமார் 25 கிலோமீட்டர் ஏற்றமான தார்ச்சாலை. சில ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே பதினைந்தே நாள்தான்: 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, சிவராத்திரி பிப்ரவரி 26. காவடியில் தேய்ந்த தோல் அதற்குள் முழுமையாகத் தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது உணர்ச்சி. நீண்டநாள் சர்க்கரை நோய் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால், சூடான தார் சுட்டாலும் கல் குத்தினாலும் வலி உங்களை எச்சரிக்காது. இன்றே வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள்: நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, மற்றொருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெல்லத் தொடட்டும். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால், மருத்துவர் பாதத்தைப் பார்க்கும்வரை இந்தப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

உணர்ச்சி நன்றாக இருந்தால், சில வாரங்கள் போட்டுப் பழகிய காலணியுடன் நடக்கலாம். புதிதாக வாங்குவதானால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பாருங்கள். கொப்புளம் வெறும் உரசலால் மட்டும் வருவதில்லை; ஈரமான தோல் ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் இழுபடும்போது அதன் அடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. மேட்டுநிலத்தில் அடிக்கடி தூறுவதால் வாக்குவாவிலேயே காலுறையை மாற்றி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, காலணிக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். அங்கே உருளும் பட்டாணி அளவுக் கல் ஒன்று போதும், மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்க. எங்கேனும் எரிச்சல் தெரிந்தால் அடுத்த பந்தல்வரை பொறுக்காமல் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தாதீர்கள்.

விரதம் இருந்துகொண்டு மாத்திரையும் போட்டு நடந்தால், சில மாத்திரைகள் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். அளவை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் விரதத்தை முறித்து உடனே அதைச் சாப்பிடுங்கள். வழிநெடுகத் தொண்டர்கள் அன்போடு நீட்டும் இனிப்புச் சாற்றை மற்ற நேரத்தில் தவிர்த்துத் தண்ணீர் கேளுங்கள்.

ஏரிக்கரையில் காலணியைக் கழற்றியதும் முதலில் உள்ளங்காலைப் பாருங்கள். தோல் உரிந்திருந்தால் நீரில் இறங்காமல் தலையில் தெளித்துக்கொண்டு, திரும்பும்போது பேருந்தில் வாருங்கள்.