வாம்பயர் சீட்டாட்டத்தில் புரூஹா குலத்தை எடுத்தால், எல்லாரையும் அடித்தும் தோற்கிறேனே, ஏன்?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ‘வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரக்கிள்’ சீட்டாட்டத்தில், இரத்தம் குடிக்கும் வாம்பயர்களின் குலங்களில் ஒன்றான புரூஹாவை வைத்து ஆடுகிறீர்கள், சண்டை ஒவ்வொன்றிலும் ஜெயிக்கிறீர்கள், கடைசியில் புள்ளி பூஜ்யம். ஓராண்டுக் காலம் என் பாடும் இதுவாகத்தான் இருந்தது.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ஒரு செம்பனை ஆலையில் கிராணி (எழுத்தர்) வேலை. ஞாயிறு மதியம் ஓர் ஒட்டுக்கடையின் பின்கட்டில் எங்கள் ஐந்து பேருக்கென்று ஒரு நீள மேசை உண்டு. மின்விசிறி சீட்டைப் பறக்கடிக்கும் என்பதால் அதை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே ஆடுவோம். இரத்தத்தைக் கணக்கு வைக்க வாங்கிய வில்லைகள் எதுவும் கிடையாது. பழைய தோட்டத்துக் கோயிலடியில் நிற்கும் மஞ்சாடி மரத்து விதைகள்தான். ஆளுக்கு முப்பது. அந்தச் சிவப்பும் பளபளப்பும் இந்த ஆட்டத்துக்காகவே காய்த்தது போல இருக்கும்.

இந்த முப்பதுதான் உங்கள் உயிர். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘pool’ என்ற சொல்லைத் தமிழில் அப்படியே எழுதினால் பெரியவர்கள் இருக்கும் மேசையில் சங்கடமாகிவிடும். ஆகவே நாங்கள் ‘இருப்பு’ என்கிறோம். இடப்பக்கத்தில் இருப்பவர் உங்கள் இரை. வலப்பக்கத்தில் இருப்பவர் உங்கள் வேட்டைக்காரர். இரையின் இருப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கினால் அவர் வெளியேறுவார். உங்களுக்கு ஒரு வெற்றிப்புள்ளியும் ஆறு இருப்பும் கிடைக்கும். வாம்பயரை அனுப்பி இரையின் இருப்பை உறிஞ்சும் செயலுக்கு எங்கள் மேசையில் ‘பால்வெட்டு’ என்று பெயர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது போல. பட்டறை வைத்திருக்கும் சீனத் தவுக்கே (முதலாளி) வைத்த பெயர் அது. அவருடைய அப்பா ரப்பர்ப்பால் வாங்கி விற்றவர், தவுக்கேயின் தமிழும் ரப்பர்த் தோட்டத்தில் பழகியதுதான்.

சரி, என் தோல்விக்கு வருகிறேன். அதில்தான் உங்களுக்குப் பதில் இருக்கிறது.

அன்று எனக்கு இடப்பக்கம் தவுக்கே. அவருக்கு அடுத்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அடுத்து என் அத்தை மகன். சுற்று முடிந்து என் வலப்பக்கத்தில் பெரியப்பா மகன், அண்ணன். நான் இரண்டு புரூஹாக்களை இறக்கி, கண்ணில் பட்டவரையெல்லாம் அடித்தேன். ஆசிரியரின் வென்ட்ரூ குலத்துப் பெரியவர் ஒருவர் இறுமாப்போடு உட்கார்ந்திருந்தார்; அவரை அடித்து டார்பர் என்னும் நெடுந்தூக்கத்தில் தள்ளினேன். மேசையே கைதட்டியது. அண்ணன் என்னிடம் பால்வெட்ட வந்தார். அவருடைய ஆட்கள் இருவரையும் அதே தூக்கத்துக்கு அனுப்பினேன். மறுபடியும் கைதட்டல்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஆசிரியர் தவுக்கேயின் இரை. அவரைக் காக்க ஆளில்லாமல் நான்தானே செய்துவைத்தேன்? தவுக்கே இரண்டே சுற்றில் அவரை முடித்துவிட்டு, ஒரு புள்ளியையும் ஆறு விதைகளையும் அள்ளிக்கொண்டார். என் இரையை என் கையாலேயே கொழுக்கவைத்தேன். அந்தப் பக்கம் அண்ணன் என் அத்தை மகனுக்கு இரை. அவரும் ஆளில்லாமல் கிடந்தார், போனார். இப்போது எனக்குப் புதிய வேட்டைக்காரன் என் அத்தை மகன். அடிபடாத நான்கு வாம்பயர்கள், கூடுதலாக ஆறு இருப்பு. என்னைத் தின்ன அவனுக்கு மூன்று சுற்று போதுமாக இருந்தது. இரண்டு பேரை நான் வீழ்த்தினேன், புள்ளிகளை மற்ற இருவர் வாங்கினார்கள். தவுக்கே தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே, “தம்பி, உனக்குக் கூலி தர மறந்துவிட்டேன்” என்றார்.

ஆகவே முதல் விதி: உங்கள் இரைக்கு இரையாக இருப்பவரைத் தொடாதீர்கள். அவர் பலமாக இருந்தால்தான் உங்கள் இரைக்கு மூச்சு முட்டும். வேட்டைக்காரரைத் தட்டி வைக்கலாம், ஆனால் முடமாக்கக் கூடாது; ஓர் ஆளை மட்டும் படுக்கவைத்தால் ஒன்றிரண்டு சுற்று நிம்மதி கிடைக்கும், அது போதும். மீதி அடி முழுவதும் இரைக்கு. அதிலும் இரையின் எல்லா ஆட்களுக்கும் வேண்டியதில்லை. யார் உங்கள் பால்வெட்டை மறிக்கிறாரோ அவருக்கு மட்டும். வாசற்காவலாளியைக் கீழே தள்ளிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். போட்டி ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு.

சண்டை எப்படி நடக்கிறது என்பதை ஒரு முறை மெதுவாகப் பார்த்துவிடலாம். புரூஹாக்களுக்கு மூன்று வித்தைகள்: வேகம் தரும் செலரிட்டி, வலிமை தரும் போட்டென்ஸ், மனத்தை இழுக்கும் பிரசன்ஸ். செலரிட்டியும் போட்டென்ஸும் உயர்நிலையில் உள்ள ஒரு புரூஹாவை ‘பம்ஸ் ரஷ்’ சீட்டால் இரையின் காவலாளி மீது அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காவலாளியிடம் ஆறு இரத்தம். தூரத்தைத் தீர்மானிப்பதற்கு முன்பு ‘டோர்ன் சைன்போஸ்ட்’. சாலைப் பலகையைப் பிடுங்கி அடிப்பது; கைவலிமை ஒன்றிலிருந்து மூன்றாகும், அந்தச் சண்டை முடியும் வரை நிற்கும். நெருங்கிய தூரம் உறுதியானதும் ‘இம்மார்ட்டல் கிராப்பிள்’. இது விழுந்தால் இருவருமே வெறுங்கையால்தான் அடிக்க முடியும். எதிராளி கையில் ‘மெஜஸ்டி’ போன்ற, சண்டையை அப்படியே முடித்துவைக்கும் சீட்டு இருந்தாலும் அது கையிலேயே கிடக்க வேண்டியதுதான். முதல் அடி மூன்று, ஆறு மூன்றாகிறது. பதிலுக்கு அவர் கொடுப்பது ஒன்று. இப்போது ‘ப்ளர்’, கூடுதலாக இரண்டு அடி. இரண்டாவது அடியில் அவரிடம் இரத்தம் தீர்கிறது. மூன்றாவதில் டார்பர். அந்தச் சண்டைச் சுற்றின் முடிவில் ‘டேஸ்ட் ஆஃப் விடே’. எதிராளி இழந்த இரத்தம் உங்கள் ஆளுக்கு, உங்கள் ஆளின் கொள்ளளவு தாங்கும் மட்டும்.

இந்தக் கடைசிச் சீட்டைப் புதியவர்கள் இரண்டோ மூன்றோ வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரிய தவறு. சண்டைக்குப் பின் இரத்தமில்லாமல் நிற்கும் புரூஹா அடுத்த சுற்றில் வேறு எதையும் செய்ய முடியாமல் இரத்தம் தேடித்தான் போக வேண்டும். அந்த ஒரு செயல் வீணாகும்போதுதான் ஆட்டம் கைநழுவுகிறது.

இன்னொரு தொல்லை, தூரம். கிராப்பிள் நெருக்கத்தில்தான் செல்லும். ‘.44 மேக்னம்’ துப்பாக்கி வைத்திருப்பவர் ஒரு முறை விலகிக்கொண்டு தூரத்திலிருந்து இரண்டு சேதம் தருவார். நீங்கள் சாலைப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே திரும்ப நெருங்குவதற்கான செலரிட்டிச் சீட்டுகள் கட்டில் இருக்கட்டும்.

கையில் ஏழு சீட்டுகள். ஒன்றை ஆடினால் உடனே இன்னொன்று வரும். ஆடாவிட்டால் வராது, சுற்றின் முடிவில் ஒன்றைத்தான் கழிக்க முடியும். ஏழும் சண்டைச் சீட்டாக வந்து யாரும் சண்டைக்கு வராவிட்டால் கை அடைத்துக்கொள்கிறது. நீங்கள் எல்லாரையும் அடிக்கக் கிளம்பியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கை அடைத்திருக்கிறது, எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தலையில் இறக்கிவிட்டீர்கள். எனக்கும் அப்படித்தான். கைக்குச் சீட்டு வரும் நூலகக் கட்டில் அறுபது முதல் தொண்ணூறு சீட்டுகள் வரை வைக்கலாம். அதில் பாதிக்கு மேல் சண்டையாக இருந்தால் இந்த நோய் தீராது. பிரசன்ஸை மறந்துவிடுகிறோம். பால்வெட்டைக் கூட்டும் சீட்டுகள் அதில்தான் இருக்கின்றன. மேசையில் தீர்மானம் கொண்டுவந்தால் நடக்கும் வாக்கெடுப்பில் வாக்குகளைச் சேர்ப்பதும் அதுதான். ஓர் ஊரை ஆளும் இளவரசர்கள் புரூஹாக்களிலும் உண்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. ‘கைன் ரிசோர்சஸ் கன்டெஸ்டட்’ தீர்மானம் நிறைவேறினால் நான்கு சேதத்தை இரண்டு பேருக்காவது பங்கிட்டுத் தர வேண்டும். மூன்று இரைக்கு, ஒன்று வேட்டைக்காரருக்கு என்று நான் பிரிப்பேன். யாரையும் தொடாமலே மூன்று விதை போய்விட்டது, பாருங்கள்.

வாம்பயரை இறக்குவதிலும் நிதானம் வேண்டும். சுற்றுக்கு நான்கு விதைகள்தான் நகர்த்த முடியும், அதுவும் உங்கள் உயிரிலிருந்தே போகிறது. பத்துக் கொள்ளளவுள்ள, அதாவது பத்து விதை கேட்கும் பெரியவரை ஆசைப்பட்டு எடுத்தால் மூன்று சுற்று அவருக்காகவே காத்திருப்பீர்கள். ஏழும் ஐந்துமாக இரண்டு பேர் என் கணக்கு. பதினெட்டு இருப்பு மிஞ்சும். டார்பரில் கிடப்பவரின் இரத்தத்தை முழுவதும் குடித்துவிடும் டயாப்ளரி பக்கம் போகவே போகாதீர்கள். முடிந்ததும் இரத்த வேட்டைக்கு வாக்கெடுப்பு வரும், மேசை முழுவதும் உங்களுக்கு எதிராகக் கை தூக்கினால் அந்த நல்ல வாம்பயர் சாம்பல். தூங்குகிறவர் தூங்கட்டும். அவரை எழுப்ப இன்னொரு ஆள் ஒரு செயலையும் இரண்டு இரத்தத்தையும் செலவழிக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் இரையுடையது.

குலத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை 1994இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ‘ஜிஹாத்’ என்ற பெயரில் உருவாக்கினார், அடுத்த ஆண்டு பெயர் மாறியது. 2010இல் அச்சு நின்றுபோய், 2018இல் பிளாக் சாண்ட்ரி என்ற நிறுவனம் மீண்டும் தொடங்கியது. கதை மட்டும் 1991இல் வந்த ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ என்னும், வேடமேற்றுக் கதை நடத்தும் ஆட்டத்தைச் சேர்ந்தது.

அந்தக் கதையில் புரூஹாக்கள் முதலில் அடிதடிக்காரர்களே இல்லை. சிந்தனையாளர்கள், தர்க்கம் பேசியவர்கள். வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜில் மனிதரும் வாம்பயரும் ஒளிவுமறைவின்றிச் சேர்ந்து வாழ்வதற்கு ஓர் ஊரைக் கட்டிக்கொண்டதாக அவர்களே சொல்கிறார்கள். ரோமின் பின்னால் நின்ற வென்ட்ரூக்கள், அது பிசாசு வழிபாடு நடந்த ஊர் என்கிறார்கள். கி.மு. 146இல் ரோமானியர் கார்த்தேஜை அழித்தது வரலாறு. நிலத்தில் உப்பு தூவினார்கள் என்பது பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை. ஆனால் ஆட்டத்தின் புராணத்தில் அந்த உப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. மண்ணுக்கடியில் தூங்கிய புரூஹாக்கள் மீண்டும் எழுந்து வராமல் தடுப்பதற்காகத் தூவியது அது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஒரு குலத்தின் கோபம் எங்கே தொடங்கியது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்தக் கோபம் அவர்களுடைய சாபமும்கூட: மற்றக் குலத்தாரைவிட எளிதில் வெறி தலைக்கேறும்.

தியோ பெல் என்னும் புரூஹாவின் கதையையும் படியுங்கள். அமெரிக்கத் தெற்கில் அடிமையாகப் பிறந்து, அங்கிருந்து தப்பியவன். புரூஹாவாகி, பிறகு காமரில்லா என்னும் வாம்பயர் ஆட்சியமைப்பின் ஆர்க்கானாக, அதாவது அதன் அடியாளாகவே வேலை பார்த்தான். பல காலம் கழித்துப் பிராக் நகரில் அந்த அமைப்பின் மூத்தவர் ஹார்டெஸ்டாட்டைச் சுட்டான், புரூஹா குலமே அந்த அமைப்பைவிட்டு வெளியேறியது. இதை நான் ஒரு ஞாயிறு மேசையில் சொன்னபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், அவருடைய அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. “பெரட்டுக் களத்தில் (காலையில் ஆளெடுக்கும் இடம்) மண்டோரை (மேற்பார்வையாளரை) அடித்தவனை அப்போதே தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள், அவன் பெயர் எனக்கு நினைவில்லை,” என்றார். “பால் நிறுக்கும் தராசில் கைவைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் எழுதி வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போன ஒரு மனிதர் இருந்தார். கோபம் அவருக்கும்தான் இருந்தது.” பிறகு தன் சுற்றை ஆடி, என் இருப்பில் மூன்று விதைகளைக் குறைத்தார்.

சென்ற ஞாயிறு மறுபடியும் புரூஹாதான் எடுத்தேன், மறுபடியும் தவுக்கே எனக்கு இரை. கையில் இரண்டு கிராப்பிள். ஆசிரியரின் வென்ட்ரூப் பெரியவர் எதிரே அதே இறுமாப்போடு உட்கார்ந்திருந்தார், கை அரித்தது, விட்டுவிட்டேன். ஆசிரியர் தன் பலத்தோடு நிற்கவே தவுக்கேயின் செயல்கள் ஒவ்வொன்றாக மறிக்கப்பட்டன. அவருடைய காவலாளி ஒருத்தியை மட்டும் படுக்கவைத்துவிட்டு, மூன்று சுற்று தொடர்ந்து பால்வெட்டினேன். கடைசி நான்கு விதைகளைத் தவுக்கே தேநீர்த் தட்டிலிருந்து எண்ணி எண்ணி வெளியே தள்ளினார். ஒன்று மேசைக்கடியில் உருண்டு ஓடிவிட்டது. அதைத் தேடி இருவரும் குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். அன்று தே தாரேக் காசு அவருடையது.