ஈரல் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட்: வீட்டுப் பங்கை விக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டைல இருக்கோம். வீட்டுக்காரருக்கு எண்ணூர் கன்டெய்னர் யார்டுல கான்ட்ராக்ட் வேலை, சம்பளம் 18,500. வயிறு வீங்குச்சு, ஸ்கேன்ல பட்-கியாரின்னு சொல்லிட்டாங்க, ஈரல்லருந்து ரத்தம் வெளிய போற குழாய் அடைச்சிருக்காம், ஸ்டென்ட் வைக்கணுமாம். பிரைவேட்ல லட்சக்கணக்குல கேக்குறாங்க. காசிமேட்டு வீட்டுல எங்க பங்கை வித்துடலாமா?

பதில்: இப்ப விக்காதீங்கம்மா. முதல்ல அவரோட பே ஸ்லிப்பை எடுங்க, இஎஸ்ஐன்னு, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, 139 ரூபா பிடிச்சிருக்கான்னு பாருங்க. 21,000 வரைக்கும் சம்பளம்னா முக்கால் பர்சன்ட் பிடிப்பாங்க, கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் உண்டு. பிடிச்சிருந்தா நேரா அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு போங்க, அங்க வசதி இல்லாத ட்ரீட்மென்ட்டுக்கு அவங்களே வெளிய ரெஃபர் பண்ணுவாங்க, அந்த லெட்டர் வாங்காம நீங்களா பிரைவேட்ல சேத்துட்டு அப்புறம் பில்லை கொண்டு போனா காசு வாங்குறது பெரும்பாடு. இஎஸ்ஐ சந்தா கட்டின நாள் கணக்கு சரியா இருந்தா, வேலைக்கு போக முடியாத நாளுக்கு 70 பர்சன்ட் சம்பளம், வருஷத்துல 91 நாள் வரைக்கும் கிடைக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும், உங்களுது தாண்டுது. ஆனா ஸ்டான்லி பக்கத்துலயே இருக்கு, ஈரல் மாற்று ஆபரேஷனே பண்ற அரசு ஆஸ்பத்திரி, ஸ்கேன் சிடியோட போய் காட்டுங்க.

ஏன் விக்க வேணாம்னா, செலவு ஸ்டென்ட்டோட முடியாது. ரத்தம் கட்டாம இருக்க அசிட்ரோம் மாதிரி மாத்திரை வருஷக்கணக்கா, பலருக்கு ஆயுசுக்கும் போடணும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் அடிக்கடி எடுக்கணும், ரத்தம் ஏன் கட்டுச்சுன்னு பாக்க ஜாக்2 டெஸ்ட் இருக்கு, ஸ்டென்ட் திரும்ப அடைச்சா மறுபடி பண்ணணும், அதுவும் சரிவரலன்னா ஈரலுக்குள்ளயே புது வழி போடற டிப்ஸ், கடைசியா மாற்று ஈரல். அவசரத்துல பங்கை வித்து முதல் பில்லுலயே கொட்டிட்டா அடுத்த மாச மாத்திரைக்கு எங்க போவீங்க? காசு இல்லன்னு அந்த மாத்திரையை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீங்க, உயிருக்கே ஆபத்து.

பிரைவேட்தான்னு ஆனா எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க, ஸ்டென்ட் விலையும் ஐசியுவும் அதுக்குள்ளயான்னு கேளுங்க. பிஎஃப்ல மருத்துவ அட்வான்ஸ் எடுக்கலாம், திருப்பி கட்ட வேணாம். பத்தலன்னா நகையை பேங்க்ல வைங்க, மீட்டர் வட்டி பக்கமே போகாதீங்க.

ரத்த வாந்தி, கருப்பா மலம், ஆள் குழம்பி பேசறதுன்னு ஏதாவது வந்தா எந்த பேப்பருக்கும் காத்திருக்காம உடனே ஸ்டான்லி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, இஎஸ்ஐ வேலையை அப்புறம் பாத்துக்கலாம்.