ஒரே திரைக்கதைக்கு 7, 5: எந்த மதிப்பெண்ணை நம்புவது?

பணம் கட்டினால் திரைக்கதையை வாசகர்கள் படித்து மதிப்பிட்டு அறிக்கை தரும் பிளாக் லிஸ்ட் தளத்தில், உங்கள் திரைக்கதைக்கு ஒரு வாசகர் 7, இன்னொருவர் 5 கொடுத்ததால் குழம்பியிருக்கிறீர்கள். மூன்றாவது மதிப்பீட்டுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள், நண்பரே.

அங்கே கரு, கதைப்பின்னல், பாத்திரம், வசனம், களம் என்று தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஒட்டுமொத்த மதிப்பெண் அவற்றின் சராசரி அல்ல. இந்தத் திரைக்கதையைத் திரைத்தொழிலில் இருக்கும் இன்னொருவரிடம் பரிந்துரைப்பாரா என்பதற்கு அந்த வாசகர் தரும் பதில் அது. ரசனை அதில் நிறையவே கலந்திருக்கும்.

அறிக்கையில் வாசகர் தன் சொற்களில் எழுதும் ஒருவரிக் கதையைத்தான் நான் முதலில் படிப்பேன். நீங்கள் எழுதிய கதை அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் இரண்டு அறிக்கைகளிலும் அந்த வரி வேறு வேறு கதையாக இருக்கிறது. நாயகி ஏன் ஊர் திரும்புகிறாள் என்பது புரியவில்லை என்று இருவருமே சொல்கிறார்கள். சிக்கல் அங்கேதான். ஆனால் அவளுக்கு ஒரு காதலன் வேண்டும் என்ற இரண்டாமவரின் மருந்தை ஏற்க வேண்டியதில்லை. நோவைச் சரியாகச் சொல்பவர் மருந்தையும் சரியாகச் சொல்வார் என்பதில்லை. முதல் இருபது பக்கங்களைத் திருத்துங்கள். கதையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.