மீசோசைக்ளோப்ஸா, தெர்மோசைக்ளோப்ஸா?

நீங்கள் படம் அனுப்பிக் கேட்ட நன்னீர்க் குட்டி ஓட்டுடலி (கோப்பிபாடு) இந்த இரண்டு பேரினங்களில் எது என்று அறிய, வால் முடியை எண்ணுவதை விடுங்கள். ஐந்தாம் காலைப் பார்த்தால் போதும். கொடைக்கானல் ஏரியோரம் நீங்கள் பிடித்த, இரண்டு முட்டைப்பை தொங்கும் அந்த ஒற்றைக்கண் பெண்ணுக்கு ஐந்தாம் காலில் இரண்டு கணுக்கள் இருக்க வேண்டும். கடைசிக் கணுவின் நுனியில் ஒரு மயிர், உள்விளிம்பின் நடுவாக்கில் ஒரு முள் என்றால் மீசோசைக்ளோப்ஸ். இரண்டும் நுனியிலேயே இருந்தால் தெர்மோசைக்ளோப்ஸ். ஒரே கணு, அதில் ஒரு முள், இரண்டு மயிர்கள் என்றால் இரண்டுமே இல்லை. யூசைக்ளோப்ஸ் பக்கம் தேடுங்கள்.

படத்தை முதுகுப்பக்கமாக எடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் ஐந்தாம் கால் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். நீந்தும் நான்கு சோடிக் கால்களுக்குப் பின்னால், அடிப்பக்கம் ஒட்டிக் கிடக்கும் துக்கடாக் கால் அது.

ஒரு சொட்டு கிளிசரினில் மல்லாக்கப் போட்டு, உடல் சட்டென்று ஒடுங்கும் இடத்தில் இரண்டு மெல்லிய ஊசிகளால் பிரியுங்கள். ஐந்தாம் கால் வால்பகுதியோடு வந்துவிடும். அப்புறம் கண்ணாடி மூடி வைத்து 400 மடங்கில் பாருங்கள். உங்கள் ஊர்க் குளிரில் கிளிசரின் தேனாக இறுகும். புட்டியைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்திருங்கள்.

ஆனால் இது பேரினம் வரைக்கும்தான். சிற்றினத்துக்கு விந்துப்பையின் (பெண்ணின் உடலில் விந்தைச் சேமிக்கும் பை) வடிவம் வேண்டும், அதைப் பிரிப்பதற்கு முன்பே வரைந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய அடையாளப் பட்டியலில் சிக்கவில்லை என்பதற்காகப் புது இனம் என்று குதிக்க வேண்டாம். முதிர்ந்த ஆண், பெண் இரண்டிலும் சிலவற்றை 70% ஆல்கஹாலில் எடுத்து வையுங்கள்.