இரண்டாவது டெங்கு – கடிதம்

அன்புள்ள சாருக்கு,

வைரஸ் காய்ச்சல் பற்றிய கட்டுரையில், மேக்ரோபேஜ் செல்கள் கிருமிகளை விழுங்கிச் செரித்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். என் மாமியாருக்குச் சில வருடம் முன்பு டெங்கு வந்தது. இப்போது மறுபடியும். "ரெண்டாவது தடவை, கவனமா இருக்கணும்" என்கிறார் டாக்டர். ஒருமுறை வந்தால் உடம்பு பழகிவிடாதா? விழுங்குகிற செல்கள் எங்கே போயின? எதிர்ப்பு சக்தி கூட ஏதாவது கஷாயம் கொடுக்கலாமா?

சுஜா, குலசேகரம்

அன்புள்ள சுஜா,

எங்கும் போகவில்லை. அவை விழுங்குவதுதான் இங்கே சிக்கல்.

1882இல் சிசிலித் தீவின் மெசினாவில், ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப் கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் லார்வாவுக்குள் ஒரு முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்களைப் பற்றிய அந்த ஆய்வுக்கு 1908இல் அவருக்கு நோபல் பரிசு. பள்ளியில் நாம் படித்தது பெரும்பாலும் அதோடு சரி.

வைரஸ் பெருகுவது நம் செல்களுக்குள்ளே. வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட திருடனைத் தெருவில் நிற்கும் காவலாளி என்ன செய்வான்? ஊரைக் கூட்டுவான். மேக்ரோபேஜின் பெரிய உதவியும் அதுதான். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. தட்டுப்பட்டதும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கும். அது பட்ட பக்கத்துச் செல்கள், வைரஸ் பெருகமுடியாதபடி முன்கூட்டியே தயாராகிவிடும். வேறு சில சுரப்புகள் மூளைக்குத் தகவல் சொல்லி உடம்பைக் கொதிக்கவைக்கும். செத்த செல்களைத் தின்று, அவற்றிலிருந்த வைரஸ் துணுக்குகளை, நோயை எதிர்க்கும் இன்னொரு வகையான டி செல்களுக்கு எடுத்துக்காட்டும் வேலையும் உண்டு.

டெங்குவில் நான்கு வகை. வந்துபோன வகைக்கு எதிராக நெடுநாள் பாதுகாப்பு இருக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். பிறகு வேறு வகை நுழைந்தால் பழைய ஆன்டிபாடிகள், அதாவது முதல் தடவை உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்கள், அதன்மேல் ஒட்டும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடி ஒட்டியதை மேக்ரோபேஜ் சட்டென்று பிடித்து விழுங்கும். வைரஸுக்கு வேண்டியதும் அதுவே. செரிபடாமல் தப்பி அங்கேயே பெருகும். 1960களில் தாய்லாந்தில் டெங்குவை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் முன்வைத்த விளக்கம் இது. அதன்பின் சுரப்புகள் அளவு மீறி, ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இரண்டாவது முறையும் பெரும்பாலோர் நலமாகவே மீள்கிறார்கள்.

ஆகவே, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பேச்சு இப்போது வேண்டாம். கஞ்சிவெள்ளம், இளநீர் நிறையக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடவே கூடாது. பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும், அவரைக் கடித்த கொசு உங்களையும் கடிக்கும். மழையில் பால்வெட்டு நின்றால் ரப்பர் மரத்துச் சிரட்டைகளை யாரும் கவிழ்ப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு சிரட்டைத் தண்ணீர் ஏராளம்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். கசிவு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி – எதைக் கண்டாலும் இரவென்று பார்க்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.