சிற்றாறு அணைக் கரையின் அடியில் ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டுமா?

சிற்றாறு அணைக் கரையின் அடியில் ஈரம் கசிவதைப் பார்த்துவிட்டு, மண் அணை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம்தான். மண் பொறியியல் படித்தவன், இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது.

வெறும் ஈரத்துக்குப் பயப்பட வேண்டாம். நம் மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணை கல் கட்டுமானம், 1906-இல் முடிந்தது. சிற்றாறு 1, 2 இரண்டும் மண் அணைகள். மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு திடீரென்று கூடுகிறதா, நீர் கலங்கி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கலங்கல் வந்தால் உள்ளிருக்கும் மண் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். நீர் வெளியேறும் இடத்தில் தொடங்கும் அரிப்பு, குழாய் மாதிரி பின்னோக்கி அணையின் நீர்ப்பக்கம் வரை போய்விடும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை முதல் முறை நிரம்பிக்கொண்டிருந்தபோது, 1976 ஜூன் 5 காலையில் சேற்றுநீர் கசிவதைக் கண்டார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

கசிவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கசிவுநீர் ஓடும் வாய்க்காலில் 'வி' வடிவ வெட்டுள்ள தகட்டைப் பொருத்தி, அந்த வெட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே சின்ன ஏற்றத்தையும் சும்மா விடக் கூடாது. கரைக்குள் நீரழுத்தத்தைக் காட்ட பீசோமீட்டர் இருக்கிறது. ஆனால் அது பதித்த இடத்தில் மட்டும்தான் காட்டும். இரண்டு பீசோமீட்டருக்கு நடுவில் கசிவு போனால் தெரியாமலே போகலாம்.

இப்போதைய ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த இடைவெளியை மூடத்தான். கரை நெடுக மின்தடையை அளந்து, மண் எங்கே நனைகிறது என்று பார்க்கிறார்கள். கரையின் அடிவாரத்தில் ஒளியிழைக் கேபிள் புதைத்து, மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலை எடுக்கிறார்கள். சுவீடன் போன்ற நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அணைநீரின் வெப்பம் வெகுவாக மாறும்; கசியும் நீர் அந்த வெப்பத்தையும் கூடவே கொண்டுவருவதால் கசிவு பளிச்சென்று தெரியும். நம் மாவட்டத்தில் அந்த அளவு வேறுபாடு கிடையாது. அதனால் கேபிளையே லேசாகச் சூடாக்கி, எந்த இடம் சீக்கிரம் ஆறுகிறது என்று பார்க்கும் முறைதான் நமக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஓடும் நீர் சூட்டை வேகமாக எடுத்துப் போகும். அடிவாரத்தில் பள்ளம் தோண்டிப் புதைக்கலாம் என்பதால் பழைய அணைக்கும் ஒத்துவரும்.

அப்புறம், நீங்கள் பார்த்த ஈரத்தை மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். நீர் கலங்கி வந்தாலோ, கசிவு கூடியிருந்தாலோ, இடத்தைக் குறித்துப் படமெடுத்து அன்றைக்கே நீர்வளத்துறைப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.