முள் சிவப்பில் நிற்கிறது, கருவி பழுதா?

கேள்வி: மே மாதம் நிலக்கடலைக் காட்டில் பெனிட்ரோமீட்டரை (மண் இறுக்கம் அளக்கும் கம்பி) இறக்கிப் பார்த்தேன். எங்கே குத்தினாலும் முள் சிவப்பில்தான் நிற்கிறது. கருவியைத் திருப்பிக் கொடுக்கலாமா? (திண்டிவனம்)

பதில்: வேண்டாம். மே மாதத்துச் செம்மண்ணில் கடப்பாரையே இறங்காது. வாரம் ஒருவராவது இதே புகாரோடு எழுதுகிறீர்கள், விற்கிறவரும் சொல்வதில்லை. காய்ந்த மண் எதுவுமே இறுகிய மண்ணாகத்தான் தெரியும். சேறாக இருந்தால் எல்லாமே பச்சை. நன்றாக மழை பெய்தோ தண்ணீர் பாய்ச்சியோ ஒரு நாள் விட்டு இறக்குங்கள், நொடிக்கு ஓர் அங்குலம், ஒரே சீராக. ஏறி மிதிக்காதீர்கள். டயலில் 300 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) தாண்டினால் பெரும்பாலான வேர்கள் நின்றுவிடும். அந்த எண் எந்த ஆழத்தில் வருகிறது, எந்த ஆழத்தில் மறுபடி குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடிமண் இறுக்கத்தை உடைக்கிற உளிக்கலப்பை, அந்தக் குறைகிற ஆழத்துக்குச் சற்றுக் கீழே போனால் போதும். ஆழம் தெரியாமல் ஓட்டினால் டீசல்தான் வீண்.

கேள்வி: இரண்டு முனை கொடுத்தார்கள். டயலிலும் இரண்டு வட்டம். எதைப் பார்ப்பது?

பதில்: மாட்டியிருக்கும் முனைக்குரியதை. டயலிலேயே அச்சடித்திருக்கிறது ஐயா.

கேள்வி: இணையத்தில் 'மண் இறுக்கம் அளக்கும் கருவி' என்று போட்டிருந்ததை வாங்கினேன். வந்ததோ ஈரமும் பி.எச்.சும் காட்டும் குச்சி. "விவசாயத்துக்கு வாங்கியது வணிக நோக்கம், நுகர்வோர் சட்டம் உங்களுக்குக் கிடையாது" என்கிறார்கள் விற்றவர்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியதும் இல்லாமல் சட்டமும் சொல்லித் தருகிறார்களா? சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று பார்ப்பதில்லை. விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், பில்லையும் பெட்டியையும் எறியாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம், நெல் மட்டும். அரையடிக்குக் கீழே கல் மாதிரி இருக்கிறது. உடைக்கலாமா?

பதில்: உடைத்தால் தண்ணீர் நிற்காது. விடுங்கள்.

கேள்வி: மூன்று ஏக்கர் கத்தரிக்குக் கருவி அவசியமா?

பதில்: அவசரம் இல்லை. நான் சட்டைப்பையில் வைக்கிற சின்னக் கருவி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். அது கால் அங்குலம்தான் இறங்கும், மேல்மண்ணோடு சரி. இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. நீங்கள் மண்வெட்டியால் ஒன்றரை அடிக் குழி வெட்டி ஒரு செடியின் ஆணிவேரைப் பாருங்கள். நேரே இறங்காமல் ஓரிடத்தில் முழங்கை மாதிரி பக்கவாட்டில் மடங்கியிருந்தால், அந்த மண்ணைக் கத்தியால் குத்திப் பாருங்கள், இறங்கச் சிரமப்பட்டால் இறுக்கம் அங்கேதான்.